விந்தி நடப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

நோயாளியின் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிடுவேன். ரப்பர் செருப்பாக இருந்தால் இன்னும் வசதி. இரண்டு குதியும் வெளி ஓரத்தில் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் கவலையில்லை, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் தேய்க்கிறோம். ஒரு செருப்பின் முன்பக்கம் மட்டும் கரைந்து போயிருந்தால் அந்தக் கால் தரையை உரசிக்கொண்டு வருகிறது. ஒன்றின் குதி வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தால், அந்தக் குதி தரையைத் தொடுவதே இல்லை. உள்ளே போய் "எங்க வலிக்குது?" என்று கேட்பதற்கு முன்பே பாதிக் கதை தெரிந்துவிடும். மீதிக் கதைக்கு, "வாசல் வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்பேன்.

இது பலருக்குப் பிடிப்பதில்லை. வலிக்கிறது என்று கூப்பிட்டால், வந்தவள் நடக்கச் சொல்கிறாளே என்ற எரிச்சல். "ஏன் ஆயி, நோவு முட்டியில இருக்கு, நீ இடுப்பப் பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று ஒரு அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கேள்விக்கான பதில்.

நான் பிசியோதெரபிஸ்ட். கறம்பக்குடி ஒன்றியத்தில் வீடு வீடாகப் போகிற வேலை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் செய்தியில் அதிகம் வந்தது. இயன்முறை சிகிச்சையும் அதில் ஒரு பங்கு என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய செய்தி. ரயில் இல்லாத ஊர் இது. கை கால் விழுந்த ஒருவரைப் பயிற்சிக்காகப் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ வாரத்தில் இரண்டு மூன்று தடவை கூட்டிப்போவதென்றால் உடன் போகிற ஆளின் கூலியும் சேர்ந்து போகும். அதனால் முதல் மாதம் போவார்கள், அப்புறம் வீட்டிலேயே எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். மழையூர், ரெகுநாதபுரம், குளந்திரான்பட்டு, வெட்டன்விடுதி, கருக்காக்குறிச்சி என்று வண்டி போகும்போது, அப்படி நின்றுபோன பயிற்சிகளின் விளைவை இன்றைக்கும் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. ஆஸ்பத்திரி நடைபாதையில் சிமெண்டுத் தரையில் நடப்பது ஒரு நடை. வரப்பில், சாணி மெழுகிய வாசலில், கொல்லைக்குப் போகிற சரிவில் நடப்பது வேறு நடை. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதைச் சரிசெய்து பயனில்லை.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலது குதி தரையைத் தொட்டதிலிருந்து மறுபடி அதே குதி தரையைத் தொடும்வரை ஏறத்தாழ ஒரு வினாடி. அந்த வினாடியை 100 பங்காக்கினால் 60 பங்கு நேரம் அந்தக் கால் தரையில் இருக்கிறது, 40 பங்கு காற்றில் இருக்கிறது. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் இருப்பது தலா 10 பங்காக இரண்டே தடவை. மற்ற நேரமெல்லாம் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம்.

குதி தரையில் பட்ட கணத்தில் விரல்கள் மேலே தூக்கியிருக்கின்றன. உடம்பின் பாரம் இறங்கியதும் பாதம் படாரென்று தரையில் அறைய வேண்டும். அப்படி அறையாமல் மெதுவாகப் படிவதற்குக் காரணம், முழங்காலுக்குக் கீழே முன்னங்கால் எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓடுகிற டிபியாலிஸ் ஆன்டீரியர் என்ற சதை. பாதத்தை மேலே இழுப்பது அதன் வேலை என்று பாடத்தில் படிப்போம். குதி பட்ட அந்த நேரத்திலோ அது இழுத்துப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. கிணற்றில் வாளியை இறக்குகிறவர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேதான் நழுவ விடுவார். நடையில் பெரும்பாலான சதைகள் செய்வது அந்த வேலை. அடுத்த நொடிக்கூறில் முட்டி 15, 20 பாகை மடங்கி அதிர்ச்சியை வாங்குகிறது. தொடையின் முன்பக்கத்து நான்கு சதைகள், குவாட்ரிசெப்ஸ் என்கிறோம், முட்டி அதற்கு மேல் மடங்கிவிடாமல் தாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்கின்றன. அதே சமயம் பிட்டத்துப் பெரிய சதை, மேலுடம்பு முன்பக்கமாகக் கவிழாமல் இழுத்து நிறுத்துகிறது.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கிற கட்டம். படிக்கிற காலத்தில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் இதில் இருக்கிறது. முழுப் பாரமும் ஒரே காலில் இருக்கும் இந்த நேரத்தில் தொடைச் சதை அநேகமாக ஓய்வெடுக்கிறது. முட்டியை நேராக வைத்திருப்பது, கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கிற சோலியஸ். கீழ்க்கால் எலும்பு கணுக்காலுக்கு மேலே முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே வருகிறது. சோலியஸ் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. கீழ்க்கால் நின்றால் முட்டி நிற்கும். முட்டியைத் தொடாத ஒரு சதை முட்டியைக் காப்பாற்றுகிறது. இது தெரியாமல் முட்டி வலிக்காரர் எல்லோருக்கும் தொடைப் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

குதி தூக்கும்போதுதான் உண்மையான தள்ளல் வருகிறது. அதைக் கெண்டைச் சதைகள் தருகின்றன. அதுவரை இழுபட்டு நீண்ட குதிகால் நாண் சுருங்கும்போது, சேர்த்துவைத்த விசையும் கூடவே வெளிவருகிறது. விரல் இன்னும் தரையில் இருக்கும்போதே முட்டி தளர்ந்து 40 பாகை வரை மடங்கிவிடுகிறது. இடுப்பின் முன்பக்கச் சதை தொடையை முன்னால் எடுத்துவிட, கீழ்க்கால் தானாக ஆடி வருகிறது. காற்றில் போகும்போது விரலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை. அவ்வளவுதான். வாசற்படியில் ஒரு சின்ன மேடு இருந்தால் முதியவர்கள் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடைசியில், வீசி வருகிற கீழ்க்காலைத் தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் சதைகள் இழுத்து நிறுத்த, குதி மறுபடி தரையில்.

ஆக, ஒரு எட்டில் தள்ளுகிற சதை கொஞ்சம், பிடித்து நிறுத்துகிற சதைதான் அதிகம். ஒன்று விடுகிற நேரத்தில் அடுத்தது பிடிக்கிறது. கால் ஊசல்போல ஆடுகிறது என்று ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836-லேயே எழுதினார்கள். எந்தச் சதை எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதை அளந்து ஒழுங்குபடுத்தியதில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜாக்குலின் பெரிக்கு உண்டு. சதைக்குள் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செலுத்திப் பதிவு எடுத்தவர். எலும்பு அறுவை நிபுணராவதற்கு முன்னால் அவர் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர் என்பதில் எனக்குச் சாதிப்பெருமை மாதிரி ஒரு தொழில்பெருமை உண்டு. நடையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து அவர் எழுதிய புத்தகம் 1992-இல் வந்தது. எங்கள் கல்லூரியில் அதன் நகல்களின் நகல்தான் புழங்கியது.

புத்தகத்தில் வரப்பும் சேறும் இல்லை. வரப்பில் நடக்கும்போது ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதத்தை வைக்க வேண்டும். கணுக்காலின் இரு பக்கச் சதைகளும் ஓயாமல் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கத்துப் பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு அதைச் செய்துவிட்டு, தார்ரோட்டில் ஏறியதும் கால் கடுக்கிறது என்பார்கள். சேற்றில் நடவு நடும்போது வேறு மாதிரி. தள்ளுவதற்குக் கெட்டித்தரை இல்லை, கால் புதைகிறது. கெண்டைச் சதை செய்ய வேண்டியதை இடுப்பின் முன்சதை செய்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். நடவு முடிந்த வாரத்தில் தொடை இடுக்கில் வலி என்று வருகிறவர்களிடம் கர்ப்பப்பைச் சந்தேகத்தில் ஸ்கேன் எடுத்த சீட்டு இருக்கும். அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், எத்தனை நாள் நடவுக்குப் போனீங்க என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். முட்டி வலிக்கு நான் ஏன் இடுப்பைப் பார்க்கிறேன்?

ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிவிட வேண்டும், அதுதான் பாரத்தின் குணம். நிற்கிற காலின் பக்கவாட்டில், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குக் கீழே விசிறிபோல் விரிந்து கிடக்கிற குளூட்டியஸ் மீடியஸ் அதைத் தொங்கவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற காலைக் கழித்தால் அந்த இடுப்பு மூட்டின் மேல் உட்காருவது சுமார் 50 கிலோ. அந்த 50 கிலோ மூட்டிலிருந்து தள்ளி நடுவில் இருக்கிறது. சதையோ மூட்டுக்கு மிக அருகிலிருந்து இழுக்கிறது. எனவே ஈடுகொடுக்க அது ஏறத்தாழ 100 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டில் அமர்வது 150 கிலோ. சாதாரணமாக நடக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் இது நடக்கிறது.

அந்தச் சதை பலவீனமானாலோ மூட்டு வலித்தாலோ உடம்பு ஒரு வழி கண்டுபிடிக்கிறது: நிற்கிற கால் பக்கமே மேலுடம்பைச் சாய்த்துவிடுகிறது. பாரம் மூட்டுக்கு நேர் மேலே வந்துவிட்டால் சதை அதிகம் இழுக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது விந்தி நடப்பது. இடுப்பு தொங்குகிற இந்த அடையாளத்தை 1895-இல் விளக்கிய ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க்கின் பெயரால்தான் இன்றும் மருத்துவக் குறிப்பில் எழுதுகிறோம். அந்தச் சாய்வை வருடக்கணக்கில் செய்தால் முட்டிக்குள் பாரம் இறங்குகிற இடம் மாறும். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் இடுப்புப் பக்கச் சதையின் பலவீனமும் சேர்ந்தே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எது முதலில் வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட முடியாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சரிசெய்ய முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

குடம் இந்தக் கணக்கை நன்றாகக் காட்டும். இடது இடுப்பில் தண்ணீர்க் குடத்தை வைத்து நடக்கிற பெண், வலது காலில் நிற்கும்போது அந்தக் குடமும் தொங்குகிற பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. அதற்கும் சேர்த்து வலது இடுப்புச் சதைதான் இழுக்க வேண்டும். குடம் இடதில், வலி வலதில். "குடம் வச்ச பக்கம் நல்லாத்தான் இருக்கு, அந்தப் பக்கந்தான் குடையுது" என்று சொல்கிறவர்கள் கற்பனை செய்து சொல்லவில்லை. பக்கத்தை மாற்றி வையுங்கள் என்றால் சிரிப்பார்கள், பழகிய இடுப்பில்தான் குடம் உட்காரும் என்பார்கள். குழாய் வாசலுக்கு வந்த ஊர்களில் இந்த வலி குறைந்திருக்கிறது என்பது என் கண்ணில் பட்டது. அதற்கு நான் புள்ளிவிவரம் வைத்திருக்கவில்லை.

கம்பு விஷயம் இதைவிடச் சிக்கல். வலது இடுப்போ முட்டியோ வலித்தால் கம்பை இடது கையில் பிடிக்க வேண்டும். ஊரில் அநேகமாக எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான். எதிர்க்கையில் பிடித்தால் கம்பு மூட்டிலிருந்து நாற்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்கிறது, சதையோ ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில். ஐந்து கிலோ அளவுக்குக் கம்பை அழுத்தினாலே சதையின் இழுப்பில் 40 கிலோ குறைந்துவிடும். அந்த அப்பத்தாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லவில்லை. கம்பை வாங்கி மறுகையில் கொடுத்து வேப்பமரம் வரை நடக்க வைத்தேன். திரும்பி வந்து, "நோவு கொறஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா வலது கையிலதான ஆயி கோழிய வெரட்டணும்?" என்றார். வெளியே போகும்போது இடது கை, வீட்டு வாசலில் வலது கை என்று உடன்பாடு ஆனது. கம்பின் உயரத்தை மட்டும் மணிக்கட்டு மடிப்பளவுக்கு அறுத்துக் கொடுத்தேன்.

விந்தலைப் பார்த்ததும் திருத்தக் கை நீள்வது இளம் பிசியோதெரபிஸ்டுகளின் சுபாவம். அந்த விந்தல் எதைக் காப்பாற்றுகிறது என்று கேட்கப் பழக்கியவர்கள் போலியோ வந்தவர்கள். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. ஆனால், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போலியோ வந்தவர்கள் நடுவயதுக்காரர்களாக இன்றும் நம்மோடு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் ஒரு தையற்காரர். வலது தொடைச் சதை முழுதாகப் போய்விட்டது. ஒவ்வொரு தடவை வலது பாதம் தரையில் படும்போதும் வலது கையைத் தொடைமேல் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். முட்டி பின்னோக்கிப் பூட்டிக்கொள்ளும், இடது காலை எடுத்து வைப்பார். சைக்கிளில் ஏறினால் ஒற்றைக் கால் மிதிதான், யாரும் பிடிக்க முடியாது. அவருடைய வலது குதி தரையைத் தொடாது. கெண்டைச் சதை இறுகி, முன்பாதத்தில்தான் நிற்பார். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது குதியைத் தரைக்குக் கொண்டுவர நாணை நீட்டி அறுவை செய்யலாமா என்று ஒரு பேச்சு வந்திருக்கிறது. வேண்டாம் என்று ஒரு மூத்த மருத்துவர் தடுத்திருக்கிறார். ஏன் தடுத்தார் என்று இவருக்கு நாற்பது வருடமாகத் தெரியாது. ஏதோ பணத்துக்காக என்று நினைத்திருந்தார்.

சோலியஸ் முட்டியைக் காப்பாற்றும் கதையை மேலே சொன்னேனே, அதுதான் விடை. தொடைச் சதை இல்லாத காலில், இறுகிய கெண்டைச் சதை கீழ்க்கால் முன்னால் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் முட்டி மடங்காமல் நிற்கிறது. அதை நீட்டி விட்டிருந்தால் பாதம் பார்க்க அழகாகத் தரையில் படிந்திருக்கும், அடுத்த எட்டில் முட்டி மடிந்து ஆள் விழுந்திருப்பார். அதை விளக்கியபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த டாக்டர் நல்லவருதான் போல" என்றார். இப்போது அவருக்கு வேறு பிரச்சினை: இத்தனை வருடம் பின்னோக்கிப் பூட்டிய முட்டி வலிக்க ஆரம்பித்திருக்கிறது, நல்ல காலும் சோர்கிறது. போலியோ வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, மிச்சமிருந்த சதைகளும் களைத்துப்போவது தெரிந்த விஷயம். இங்கே கடும் பயிற்சி கொடுத்தால் கெடுதல். முட்டிக்கு மேல்வரை வருகிற காலிப்பருக்கு அளவு கொடுக்கவும், கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான நடையைக் குறைக்கவும்தான் சொன்னேன். பயிற்சி சொல்லாத பிசியோதெரபிஸ்டை அவர் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

பாதம் தொங்குவது தனிக் கதை. இங்கே கடலைச் செடியில் களையெடுக்கவும் பிடுங்கிய செடியில் கடலை ஆயவும் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை குத்தவைத்தே உட்காருவார்கள். முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, கையால் தொட்டால் தெரிகிற சின்ன எலும்பு முனை ஒன்று உண்டு. பாதத்தைத் தூக்கும் சதைகளுக்குப் போகிற நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் அது நசுங்கும். எழுந்தால் பாதம் தொங்கும், நடந்தால் 'பட் பட்' என்று சத்தம் வரும். குதி பட்டதும் பாதத்தை மெதுவாக இறக்க வேண்டிய சதைக்குத் தகவல் போகவில்லை. வீட்டில் பக்கவாதம் என்று கலங்கிவிடுகிறார்கள். முகம் கோணவில்லை, கை நன்றாக இருக்கிறது, முட்டி மடங்குகிறது, பாதம் மட்டும் தூக்கவில்லை என்றால் முட்டியோரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் அனுப்பி உறுதிசெய்துகொள்வேன். குத்தவைப்பதை நிறுத்தி, பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் தாங்கி கொடுத்தால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். பலகையில் உட்கார்ந்து கடலை ஆயுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இதே நரம்பைத் தொழுநோயும் தாக்கும். அந்தப் பாதங்களைத் தூக்கி நிறுத்திய கதை நம் வேலூருடையது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயால் செத்த சதைக்குப் பதில் உயிரோடிருக்கிற சதையின் நாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவைகள் அங்கேயும், பிறகு பக்கத்திலுள்ள கரிகிரியிலும் வளர்ந்தன. பாதத் தொங்கலுக்கு எடுப்பது கீழ்க்காலின் பின்னால் ஆழத்தில் இருக்கிற டிபியாலிஸ் போஸ்டீரியர். அது கால் தரையில் இருக்கும்போது வேலை செய்கிற சதை. பாதத்தின் உள்வளைவைத் தாங்குவதும் பாதத்தை உள்பக்கம் திருப்புவதும் அதன் வேலை. அதன் நாணை அறுத்து முன்பக்கம் கொண்டுவந்து புறங்காலில் தைத்துவிடுகிறார்கள். இனி அது கால் காற்றில் இருக்கும்போது வேலை செய்ய வேண்டும். வேலையும் மாறுகிறது, வேலை நேரமும் மாறுகிறது.

தைப்பது அறுவை மருத்துவரின் திறமை. நேரத்தை மாற்றுவது எங்கள் பாடு. கட்டுப் பிரித்ததும் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து, "பாதத்தைத் தூக்குங்க" என்று சொன்னால் ஒன்றும் அசையாது. "பாதத்தை உள்பக்கம் திருப்புங்க" என்று அந்தச் சதைக்குத் தெரிந்த பழைய வேலையைச் சொல்ல வேண்டும். திருப்பப் பார்ப்பார், பாதம் மேலே எழும்பும். அவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு உட்கார்ந்து, நின்று, கம்பிகளுக்கிடையில் நடந்து என்று வாரக்கணக்கில் போகும். பயிற்சிக் காலத்தில் இதை நேரில் பார்த்த அன்றுதான், சதைக்குப் பலம் வேறு நேரம் வேறு என்பது எனக்கு உறைத்தது.

பக்கவாதக்காரர்களிடம் அது தினசரி உறைக்கும். காலில் பலம் கொஞ்சம் திரும்பியிருக்கும், ஆனால் சதைகள் தனித்தனியாக எழாமல் ஒட்டுமொத்தமாக விறைக்கும். முட்டி மடங்காது. மடங்காத காலை முன்னால் கொண்டுவர இடுப்பைத் தூக்கி அரைவட்டமாகச் சுழற்றிப் போடுவார்கள். வீட்டார் செய்வது இரண்டு: புறா ரத்தம் தடவுவது, கையில் மஞ்சள் நிற ஸ்மைலி பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வது. முதலாவதால் நாற்றம்தான் மிச்சம். இரண்டாவதால் விரல்கள் இன்னும் இறுகும். அந்தப் பந்து எந்தக் கடையில் எப்படி மருந்தானது என்று எனக்குப் புரியவே இல்லை.

முட்டியை மடக்க, படுக்கையில் குப்புறப் போட்டுக் காலை மடக்கி மடக்கிப் பயனில்லை. விரல் தரையில் இருக்கும்போதே முட்டி மடங்கத் தொடங்குகிறது என்று சொன்னேன். அந்த மடக்கலைத் தருவது கெண்டைச் சதையின் தள்ளலும் இடுப்பு முன்சதையின் இழுப்பும். எனவே, விழுந்த காலைப் பின்னால் வைத்து நிற்கச் செய்து, அதன்மேல் பாரத்தைக் கொண்டுபோய், முன்பாதத்தால் தள்ளி எட்டு எடுக்கப் பழக்க வேண்டும். அதற்கும் முந்தியது உட்கார்ந்து எழுவது. கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோயிருக்கும், அதிலிருந்து நல்ல காலுள்ளவனே எழ முடியாது. திண்ணையோ, தலையணை போட்டு உயர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியோ போதும். பாதங்களை முட்டிக்குப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முட்டிக்கு நேராக வரும்படி குனிந்து எழ வேண்டும். நல்ல காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் விழுந்த கால் வேலை செய்தே ஆக வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வேளையும் பத்துத் தடவை. எழுந்தால்தான் சோறு என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைத்துவிட்டு வருவேன். மருமகள்கள் மறந்துவிடுவார்கள், பேரப்பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சித்திரைத் தேருக்கு முன்னால் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மஞ்சள் சேலையோடு சமயபுரத்துக்கு நடக்கிற கூட்டத்தில் எங்கள் பகுதிப் பெண்களும் உண்டு. கிளம்புவதற்கு முன் கேட்பார்கள், எந்தத் தைலம் போடலாம் என்று. முதல் நாள் ராத்திரி வலிக்கப்போவது கெண்டைக்கால் என்று நினைத்துத் தைலத்தை அங்கே தேய்ப்பார்கள். வலிப்பது பெரும்பாலும் முன்னங்கால். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்து நானூறு எட்டுக்குப் பக்கம் விழும். ஒவ்வொரு காலும் எழுநூறு தடவை பாதத்தைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறது. சுருங்கி வேலை செய்த சதையைவிட, நீண்டுகொண்டே பிடித்த சதைதான் மறுநாள் அதிகம் நோகும். எட்டு நீளமாகப் போனால் குதி ஓங்கி விழும், நோவு கூடும். அதனால் எட்டைச் சின்னதாகப் போடுங்கள் என்று சொன்னேன்.

"சின்ன எட்டா வச்சா எப்ப ஆயி போய்ச் சேர்றது?" என்றார் கூட்டத்தில் மூத்தவர்.

"சின்னதா வச்சு, சுருக்கா வைங்க அம்மாச்சி. நேரம் அதேதான் ஆகும்."

போய்த் திரும்பியவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பஸ்ஸில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது தொடையில் உயிர் போகிறது. இறங்கும்போதுதானே தொடை பாரத்தைப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, நோகிற காலை முதலில் கீழே இறக்கி, நல்ல காலை மேல்படியில் விட்டுவைத்து இறங்கச் சொல்லியிருக்கிறேன். கண்டக்டர் அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பயிற்சி இல்லை.